மேஸ்திரியிடம் லைசென்சைக் கேளுங்கள்!

(ஏற்காட்டில் தோட்டத் தொழிலாளரும், கீழே சேலத்திலிருந்து வந்த மில் தொழிலாளரும் கூடியிருந்த கூட்டத்தில் நாம் பேசியதன் வாசகம்)



இந்த மலையிலிருந்து ஆட்கள் போகிறார்கள். இந்த மலைக்கு ஆட்கள் வருகிறார்கள். சேர்வராயன் மலையிலும் கல்வராயன், சித்தேரி, ஜவ்வாது மலைகளிலும் பிறந்தவர்கள் காப்பி பறிக்கக் குடகுக்கும், மிளகு பறிக்கக் கேரளத்துக்கும் போகிறார்கள். ஒடிசாவிலும் பீகாரிலும் ஜார்க்கண்டிலும் பிறந்தவர்கள் சேலம், ஈரோடு, திருப்பூர் மில்களுக்கு வருகிறார்கள். போகிறவனுக்கும் வருகிறவனுக்கும் நடுவில் ஒருவன் நிற்கிறான். அவனை மேஸ்திரி என்கிறோம், கண்டிராக்டர் என்கிறோம், ஏஜெண்டு என்கிறோம், ஆள்கட்டி என்கிறோம். பெயர் நாலு, வேலை ஒன்று. ஆளைச் சேர்ப்பது, முன்பணம் கொடுப்பது, கூட்டிக்கொண்டு போவது, கூலியில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வது.

இந்த மனிதன் யார்? இவனுக்கு ஆள் சேர்க்க அதிகாரம் கொடுத்தது யார்? இவன் கூலி கொடுக்காமல் ஓடிவிட்டால் யாரைப் பிடிப்பது? இந்த மாநிலத்தில் ஒரு விதி, அடுத்த மாநிலத்தில் வேறு விதி என்றால் அதை நாம் எப்படித் தெரிந்துகொள்வது? இந்த நான்கு கேள்விக்கும் பதில் சொல்லவே இன்று இங்கே நிற்கிறோம். சட்டம் பேசினால் தூக்கம் வரும் என்பார்கள். கூலியைப் பறிகொடுத்தவனுக்குத் தூக்கம் வராது. ஆகவே கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

முன்பணம் என்ற கயிறு

இந்த மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தவர் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை. அது 1820ஆம் ஆண்டையொட்டிய கதை. செடி வந்தது, துரைமார் வந்தார்கள், தோட்டம் பெருகியது. ஆனால் செடி தானாகப் பழத்தைக் கீழே இறக்கிவைக்காது. கை வேண்டும். கைகளைச் சேர்க்க மேஸ்திரி வந்தான். அவன் மடியில் முன்பணம் வந்தது.

முன்பணம் வாங்கியவன் வேலைக்கு வராவிட்டால் என்ன? 1859இல் வெள்ளைக்காரன் ஒரு சட்டம் போட்டான். வேலை ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளியை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி, ஒன்று வேலைக்குப் போ, இல்லையென்றால் ஜெயிலுக்குப் போ என்று சொல்ல அது வழி செய்தது. அதே ஒப்பந்தத்தை முதலாளி மீறினால் ஜெயில் இல்லை. சென்னை மாகாணத்தில் தோட்டங்களுக்கென்றே 1903இல் இன்னொரு சட்டம் வந்தது. இவை இரண்டும் 1920களில்தான் ஒழிந்தன. தானாக ஒழியவில்லை, தேசமெங்கும் எழுந்த எதிர்ப்பினால் ஒழிந்தன.

கடலுக்கு அப்பால் பாருங்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கங்காணி முறை. தொழிலாளியின் கடன் முழுவதையும் ஒரு சீட்டில் எழுதுவார்கள். அதற்குப் பெயர் ‘துண்டு’. அடுத்த தோட்டம் அந்தக் கடனைத் தீர்த்தால்தான் ஆள் அங்கே போகலாம். மாட்டுச் சந்தையில் மாட்டுக்கு விலை. தோட்டத்தில் மனிதனுக்குத் துண்டு. 1921இல் துண்டு முறை சட்டப்படி நீக்கப்பட்டது. 1922இல் இந்தியக் குடியேற்றச் சட்டம் வந்தது. இலங்கைக்கும் மலேயாவுக்கும் ஆள் சேர்க்கும் கங்காணி லைசென்சு வைத்திருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு ஏற்பட்டது.

இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. ஆள் சேர்க்கிறவன் கையில் லைசென்சு இருக்க வேண்டும் என்பது புதிய யோசனை அல்ல. நம் பாட்டன்மார் கடல் கடந்து பட்ட பாட்டில் பிறந்த யோசனை அது. லைசென்சு என்பது கங்காணிக்குச் சூட்டிய கிரீடம் அல்ல. அவன் மூக்கில் போட்ட மூக்கணாங்கயிறு. கயிற்றின் மறு முனை யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

இருபது என்ற எண்

சுதந்திரம் வந்த பிறகும் கண்டிராக்டு முறை போகவில்லை. ஒரு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் துப்புரவு வேலையைக் கண்டிராக்டுக்கு விடக் கூடாது என்று தொழிலாளர்கள் வழக்காடினார்கள். ஸ்டாண்டர்டு வேக்குவம் வழக்கு என்று அதற்குப் பெயர். 1960இல் சுப்ரீம் கோர்ட் தொழிலாளர் பக்கம் நின்றது. அதன் பிறகு பத்து ஆண்டு கழித்து, ஒப்பந்தத் தொழிலாளர் (ஒழுங்குமுறை மற்றும் ஒழிப்பு) சட்டம், 1970 வந்தது. 1971 பிப்ரவரி 10 முதல் அமலாயிற்று.

அந்தச் சட்டம் சொன்னது என்ன? 20 அல்லது அதற்கு மேற்பட்ட ஒப்பந்த ஆட்களை வைத்து வேலை வாங்கும் முதலாளி தன் நிறுவனத்தைப் பதிவு செய்ய வேண்டும். 20 அல்லது அதற்கு மேற்பட்ட ஆட்களை வைத்திருக்கும் கண்டிராக்டர் லைசென்சு எடுக்க வேண்டும். லைசென்சு கேட்டு மனுப் போடும்போது, ‘இவரை என் வேலைக்கு வைத்திருக்கிறேன்’ என்று முதலாளி எழுதிக் கொடுத்த சான்றும் கூடவே போக வேண்டும். முதலாளியும் மேஸ்திரியும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டார்கள். மேஸ்திரி கூலி தராவிட்டால் முதலாளி தர வேண்டும். பிறகு மேஸ்திரியிடம் அவர் வசூலித்துக் கொள்ளலாம். அது அவர்கள் இருவருக்குள் உள்ள விவகாரம். தொழிலாளி அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

லைசென்சில் நிபந்தனைகள் உண்டு. எத்தனை ஆளுக்கு லைசென்சோ அதற்கு மேல் ஆள் வைக்கக் கூடாது. குறைந்தபட்சக் கூலிக்குக் குறையக் கூடாது. முதலாளியின் நேரடி ஆள் செய்யும் அதே வேலையைக் கண்டிராக்டு ஆள் செய்தால் அதே கூலி தர வேண்டும். லைசென்சை இன்னொருவனுக்குக் கைமாற்றக் கூடாது. கூலி கொடுக்கும்போது முதலாளியின் பிரதிநிதி பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். இத்தனையும் மீறினால் தண்டனை? மூன்று மாதம் வரை சிறை அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

1000 ரூபாய்! ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 ஆளை ஒருவன் கூட்டிப் போகிறான். ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 ரூபாய் பிடிக்கிறான். நாளொன்றுக்கு 2000 ரூபாய். பறிப்புக் காலம் 60 நாள் என்றால் 1,20,000 ரூபாய். அபராதம் 1000 ரூபாய். இதைக் கண்டு எந்த ஆள்கட்டி பயப்படுவான்?

டெல்லியில் 1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு ஸ்டேடியம் கட்டினார்கள். தேசத்தின் கௌரவம் என்று பேசினார்கள். அங்கே கல் சுமந்தவர்களுக்கு ஒரு நாள் குறைந்தபட்சக் கூலி 9 ரூபாய் 25 பைசா. ‘ஜமாதார்’ என்ற ஆள்கட்டி அதில் 1 ரூபாய் எடுத்துக்கொண்டான். கைக்கு வந்தது 8 ரூபாய் 25 பைசா. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. நீதிபதி பகவதி அந்த ஆண்டு செப்டம்பரில் தீர்ப்புச் சொன்னார். குறைந்தபட்சக் கூலிக்குக் குறைத்துக் கொடுத்து வேலை வாங்குவது, அரசியல் சாசனத்தின் 23ஆவது ஷரத்து தடை செய்திருக்கும் கட்டாய வேலையே ஆகும் என்றார். அந்த ஒரு ரூபாய் சிறிய ரூபாய் அல்ல, தோழர்களே!

எல்லை தாண்டினால்?

1970 சட்டம் ஒரு மாநிலத்துக்குள் நடப்பதைப் பார்த்தது. ஆளை எல்லை தாண்டிக் கொண்டுபோனால் என்ன செய்வது? ஒடிசாவில் ‘தாதன்’ தொழிலாளர் என்று ஒரு கூட்டம். சர்தார்களும் கதாதார்களும் கிராமத்தில் முன்பணம் கொடுத்து, நல்ல கூலி என்று ஆசை காட்டி, தூரதேசங்களில் பெரிய கட்டட வேலைகளுக்கு அவர்களை ஏற்றிப்போனார்கள். போன இடத்தில் வாக்குறுதி காற்றில் போயிற்று. ஒடிசா 1975இல் தனிச் சட்டம் போட்டது. ஆனால் ஒடிசாவின் சட்டம் காஷ்மீரில் செல்லுமா? ஆகவே தேசம் முழுவதற்கும் ஒரு சட்டம் தேவைப்பட்டது. அதுதான் மாநிலங்களுக்கிடையே புலம்பெயர்ந்த தொழிலாளர் சட்டம், 1979. 1980 அக்டோபர் 2 முதல் அமலுக்கு வந்தது.

இதில் எண் இருபது அல்ல, ஐந்து. வெளிமாநில ஆட்கள் 5 பேர் இருந்தாலே போதும். கண்டிராக்டர் இரண்டு லைசென்சு எடுக்க வேண்டும். ஆள் சேர்க்கும் மாநிலத்தில் ஒன்று. வேலை வாங்கும் மாநிலத்தில் ஒன்று. ஏற்காட்டு ஆளைக் குடகுக்குக் கொண்டுபோகிறவன் தமிழ்நாட்டு அதிகாரிக்கும் கர்நாடக அதிகாரிக்கும் கணக்குக் காட்ட வேண்டும். பதினைந்து நாளுக்குள் இரு மாநிலத்துக்கும் விவரம் தர வேண்டும். ஒவ்வொரு ஆளுக்கும் போட்டோ ஒட்டிய பாஸ்புக்கு, ஆளின் தாய்மொழியிலும் இருக்க வேண்டும். இடம்பெயர்வுப் படியாக மாதக் கூலியில் பாதி அல்லது 75 ரூபாய், எது அதிகமோ அது. அதைத் திருப்பிக் கேட்கக் கூடாது. போகவர வழிச்செலவு, வழியில் கழியும் நாளுக்கும் கூலி. ஆள் இறந்தாலோ பலத்த காயம் பட்டாலோ இரு மாநில அதிகாரிகளுக்கும் குடும்பத்துக்கும் தகவல் தர வேண்டும்.

ஏட்டில் எவ்வளவு அழகு! நாட்டில் எப்படி இருந்தது? 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டார்கள். ஒரு கோடிக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள். பலர் நடந்தே போனார்கள். வழியில் எத்தனை பேர் செத்தார்கள் என்று செப்டம்பரில் பார்லிமெண்டில் கேட்டபோது, அந்தக் கணக்கு தன்னிடம் இல்லை என்றது மத்திய சர்க்கார். பாஸ்புக்கும் பதிவேடும் நாற்பது ஆண்டாக ஒழுங்காக வைத்திருந்தால் கணக்கு எப்படி இல்லாமல் போகும்? 2021 ஜூனில் சுப்ரீம் கோர்ட் இதைக் கண்டித்து உத்தரவு போட்ட பிறகு, ஆகஸ்டில்தான் இ-ஷ்ரம் பதிவு தொடங்கியது.

நமக்குப் பக்கத்தில் நடந்ததையும் மறக்கக் கூடாது. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் 20 பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். பெரும்பாலோர் ஜவ்வாது மலையிலும் சித்தேரி மலையிலும் வாழ்ந்த ஏழைகள். செம்மரம் வெட்ட ஆள் சேர்க்கும் புரோக்கர் எந்தப் பதிவேட்டிலும் இல்லாதவன். லாபம் மேலே போகிறது. குண்டு கீழே இருப்பவன் மார்பில் பாய்கிறது. எழுத்தில்லாமல் ஆளைக் கூட்டிப் போவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடக் கொடிய சாட்சி வேண்டுமா?

ஒரே மலை, இரண்டு சர்க்கார்

மாநிலம் மாறினால்தான் விதி மாறும் என்று நினைக்காதீர்கள். இதே மலையில் நின்றுகொண்டே இரண்டு சர்க்காரைப் பார்க்கலாம். காப்பித் தோட்டத்துக்கு மாநில சர்க்கார் பொறுப்பு. சுரங்கத்துக்கு மத்திய சர்க்கார் பொறுப்பு. மேட்டூரில் 1965இல் உற்பத்தி தொடங்கிய மெட்ராஸ் அலுமினியம் கம்பெனிக்கு இந்தச் சேர்வராயன் மலையிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் பாக்சைட் போயிற்று. அந்தப் பாக்சைட் சுரங்கத்தில் மண் வெட்டியவனுடைய கண்டிராக்டருக்கு லைசென்சு கொடுப்பது மத்திய அதிகாரி. பக்கத்துத் தோட்டத்தில் பழம் பறித்தவளுடைய கண்டிராக்டருக்கு லைசென்சு கொடுப்பது மாநில அதிகாரி. மலையடிவாரத்தில் மக்னசைட் வெட்டுகிறவர்களுக்கும் சுரங்க விதிதான். மில்லுக்கு வந்தால் மறுபடியும் மாநிலம். அங்கே தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறையிடம் கேட்க வேண்டும்.

தப்பான ஆபீசில் மனுக் கொடுத்தால், ‘இது எங்கள் அதிகாரம் இல்லை’ என்று திருப்பிவிடுவார்கள். அலைந்து அலைந்து பறிப்புக் காலமே முடிந்துபோகும். ஆகவே முதல் கேள்வி: நாம் வேலை செய்யும் இடத்துக்கு உரிய சர்க்கார் எது? இதைத் தெரிந்துகொள்ளாமல் மனு எழுத உட்காராதீர்கள்.

எண் வளர்ந்த கதை

இனி இன்றைய நிலைமைக்கு வருவோம். 20 என்ற எண்ணை முதலாளிகள் நெடுநாளாகக் குறிவைத்தார்கள். ராஜஸ்தான் 2014இல் அதை 50 ஆக்கியது. பிறகு மகாராஷ்டிரம் அப்படியே செய்தது. இப்படி ஒரு மாநிலத்தில் லைசென்சு வேண்டியவனுக்கு மறு மாநிலத்தில் வேண்டாம் என்ற நிலை வந்தது. கடைசியில் பார்லிமெண்டு 2020இல் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் கோடு என்ற சட்டத்தை நிறைவேற்றி, 50 என்பதையே தேசம் முழுவதற்கும் ஆக்கிவிட்டது. 1970 சட்டம், 1979 சட்டம், 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் எல்லாம் இந்தக் கோடுக்குள் அடக்கப்பட்டன. 2025 நவம்பர் 21 முதல் நான்கு கோடுகளும் அமலுக்கு வருவதாக மத்திய சர்க்கார் அறிவித்தது. இடைக்காலத்தில் பழைய விதிகள், புதியதற்கு முரண்படாத அளவில் தொடரும் என்றும் சொன்னது. மத்தியத் தொழிற்சங்கங்கள் எதிர்த்துக் கிளம்பின.

கோடு சொல்வதை நியாயமாகவே எடுத்து வைப்போம். கண்டிராக்டர் ஒரே லைசென்சை ஐந்து ஆண்டுக்கு எடுக்கலாம். பல மாநிலங்களில் வேலை எடுப்பவன் மத்திய சர்க்கார் குறிக்கும் அதிகாரியிடம் ஒரே லைசென்சு பெறலாம். ஊரில் ஆள் சேர்ப்பதற்குத் தனி லைசென்சு என்ற பழைய ஏற்பாடு இல்லை. இடம்பெயர்வுப் படி இல்லை. வெளிமாநிலத் தொழிலாளர் பகுதிக்கு எண் ஐந்திலிருந்து பத்தாயிற்று. இது நஷ்டக் கணக்கு.

கையில் பிடித்துக்கொள்ள வேண்டியதும் உண்டு. கண்டிராக்டர் மூலமாக இல்லாமல் தானாகவே போய் வேலை பிடித்தவனும் இப்போது புலம்பெயர்ந்த தொழிலாளி என்றே கருதப்படுவான். பழைய சட்டத்தில் அவன் வெளியே நின்றான். ஆனால் மாதம் 18,000 ரூபாய் என்று ஒரு சம்பள உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். சர்க்கார் அதைக் கூட்டலாம். ஊர் போய்வர வழிச்செலவு உண்டு. ஒவ்வொரு தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும். கண்டிராக்டர் கூலி தராவிட்டால் முதலாளி தர வேண்டும் என்ற பழைய விதி நீடிக்கிறது.

இப்போது ஐம்பது என்ற எண் செய்யும் வித்தையைப் பாருங்கள். ஒரு தோட்டத்தில் நாலு மேஸ்திரி. ஒவ்வொருவனிடமும் 45 ஆள். மொத்தம் 180 பேர். பழைய சட்டத்தில் நாலு பேருக்கும் லைசென்சு வேண்டும். இப்போது ஒருவனுக்கும் வேண்டாம்! ஆனால் ஏமாந்துவிடாதீர்கள். மேஸ்திரியின் கணக்கு வேறு, தோட்டத்தின் கணக்கு வேறு. தோட்டத்தில் உள்ள ஒப்பந்த ஆட்களைக் கூட்டினால் 180. ஆகவே தோட்டம் சட்டத்துக்குள் வருகிறது. நாலு துண்டாக வெட்டியதைக் கூட்டிக் காட்டும் வேலை சங்கத்தின் வேலை. முதலாளி கழித்தலில் கெட்டிக்காரன். நாம் கூட்டலில் கெட்டிக்காரர்களாக வேண்டும்.

லைசென்சு எதைத் தராது?

ஒரு பொய் நம்பிக்கையையும் இங்கேயே உடைத்துவிடுவோம். ‘மேஸ்திரிக்கு லைசென்சு இல்லையென்றால் நாம் எல்லோரும் கம்பெனி ஆள் ஆகிவிடுவோம்’ என்று சிலர் சொல்கிறார்கள். அப்படித் தானாக ஆவதில்லை. நேஷனல் பெர்ட்டிலைசர்ஸ் கம்பெனி சம்பந்தமான தீனா நாத் வழக்கில் 1991இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது இது: பதிவும் லைசென்சும் இல்லாததற்குத் தண்டனை உண்டு, ஆனால் அதனாலேயே தொழிலாளி முதலாளியின் நேரடி ஆளாக மாட்டான். 2001 ஆகஸ்டு 30 அன்று ஸ்டீல் அதாரிட்டி வழக்கில், ஒரு வேலையில் கண்டிராக்டு முறை தடை செய்யப்பட்டாலும் ஆட்கள் தானாக நிரந்தரமாகிவிடுவதில்லை என்றது. இதே சேலத்து உருக்காலையை நடத்துவதும் அந்த ஸ்டீல் அதாரிட்டிதான். ஆனால் கண்டிராக்டு வெறும் வேஷம், உண்மையில் வேலை வாங்குவது கம்பெனியே என்று நிரூபித்தால் வழி உண்டு என்பதையும் அந்தத் தீர்ப்பே ஒப்புக்கொண்டது.

நிரூபிக்க என்ன வேண்டும்? கூலிச் சீட்டு வேண்டும். வருகைப் பதிவு வேண்டும். வேலை சொல்வது யார், லீவு கொடுப்பது யார் என்ற சாட்சி வேண்டும். ஆகவே காகிதத்தைக் கிழித்து அடுப்பில் போடாதீர்கள். எடைச் சீட்டைக்கூடப் பத்திரமாக வையுங்கள்.

ஐம்பதுக்குக் கீழே உள்ளவர்கள் அனாதைகளா? இல்லை. குறைந்தபட்சக் கூலிக்கு எண் கணக்கு இல்லை. ஒருவன் வேலை செய்தாலும் உண்டு. வேலையில் அடிபட்டால், கண்டிராக்டரின் ஆளானாலும் முதலாளியிடம் நஷ்டஈடு கேட்கலாம் என்ற நியாயம் 1923 முதல் நம் சட்டத்தில் இருக்கிறது. முன்பணத்தைக் காட்டி ஆளை வெளியே விடாமல் நிறுத்தினால், அது கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், 1976இன் கீழ் குற்றம். அந்தக் கடனே செல்லாது. லைசென்சு வைத்திருந்தாலும் குற்றம், இல்லாவிட்டாலும் குற்றம். கலெக்டரிடமும் கோட்டாட்சியரிடமும் நேரே போகலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

வண்டி ஏறுவதற்கு முன் கேளுங்கள். ஏறிய பிறகு கேட்டால் பதில் வராது. மேஸ்திரியிடம் கேட்க வேண்டியவை இவை: உன் முழுப் பெயர், விலாசம் என்ன? எந்தத் தோட்டம், எந்தத் தாலூகா, எந்த ஜில்லா? தோட்ட முதலாளி யார்? உன்னிடம் மொத்தம் எத்தனை ஆள்? லைசென்சு இருந்தால் காட்டு. காட்டினால் நாலு இடத்தைப் பாருங்கள்: லைசென்சில் உள்ள பெயர் இவன் பெயர்தானா, வேலையிடம் அதுதானா, ஆள் எண்ணிக்கை எவ்வளவு, எந்தத் தேதி வரை செல்லும். படிக்கத் தெரியாதவர் வெட்கப்பட வேண்டாம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். செல்போனில் ஒரு படம் எடுத்து ஊரில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

அடுத்தது, போகிற மாநிலத்தின் விதி. கூலி விகிதம் ஒவ்வொரு மாநிலத்திலும் வேறு; தோட்டத்துக்கு ஒன்று, விவசாயத்துக்கு ஒன்று, கட்டடத்துக்கு ஒன்று. கர்நாடகத் தோட்டக் கூலி என்ன என்பதைத் தமிழ்நாட்டு மேஸ்திரி வாயால் கேட்டு நம்பாதீர்கள். அந்த மாநிலத் தொழிலாளர் துறை அதை வெளியிடுகிறது. சங்கத்தின் மூலம் வரவழைத்துப் பாருங்கள். அங்கே உள்ள தோட்டச் சங்கத்துக்கு ஒரு கடிதம் போட்டால் சகோதரத் தொழிலாளர்கள் சொல்வார்கள். மொழி வேறாக இருக்கலாம். கூலிக் கணக்கு எல்லா மொழியிலும் ஒன்றே.

மூன்றாவது ஆயுதம், தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனுப் போடலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவருக்குக் கட்டணம் இல்லை. முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். ‘இன்ன தோட்டம் பதிவு செய்யப்பட்டிருக்கிறதா? அதில் எந்தெந்தக் கண்டிராக்டர்? ஒவ்வொருவருக்கும் எத்தனை ஆள்? கடைசியாக எப்போது இன்ஸ்பெக்டர் வந்தார்?’ என்று கேளுங்கள். கர்நாடகத்துக்கு எழுதினால் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதலாம். முப்பது நாள் ஆகும் என்பதால் பழம் பறிக்கும்போது மனுப் போட்டுப் பயன் இல்லை. காப்பி பூக்கும்போதே போட்டுவிடுங்கள்.

நாலாவது, தனியாகப் போகாதீர்கள். பத்துப் பேராகப் போங்கள். பத்துப் பேரின் பெயரையும் ஒரு நோட்டில் எழுதி, ஊர்ப் பஞ்சாயத்திலும் சங்கத்திலும் ஒவ்வொரு நகல் வையுங்கள். பாஸ்புக்கு என்று சட்டம் சொன்னதை அவர்கள் செய்யவில்லை என்றால், நாமே ஒரு பதிவேடு வைப்போம். நாகலூரிலும் வெள்ளக்கடையிலும் மஞ்சக்குட்டையிலும் ஒவ்வொரு நோட்டு இருந்தால், இந்த மலையை விட்டு ஒருவர் கூடத் தடயமில்லாமல் போய்விட முடியாது.

வருகிறவனும் நம்மவனே

மில் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. வடக்கிலிருந்து வருகிறவன் நம் கூலியைக் கெடுக்கிறான் என்று உங்கள் காதில் ஓதுகிறார்கள். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளரை அடிக்கிறார்கள் என்று பொய்ப் படங்களைப் பரப்பி இரு பக்கமும் பீதி கிளப்பினார்கள். யாருக்கு லாபம்? குடகுக்குப் போகும் நம் ஆளை அங்கே உள்ளவன் எப்படிப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறோமோ, அப்படியே இங்கே வருகிறவனை நாம் பார்க்க வேண்டும். கூலியைக் கெடுப்பது வருகிறவன் அல்ல. ஒரே வேலைக்கு இரண்டு கூலி வைப்பவன். ஒரே வேலைக்கு ஒரே கூலி என்பதை அவனுக்காகக் கேட்டால்தான் நம்முடைய கூலி நிற்கும். ஆகவே உங்கள் மில்லில் உள்ள ஒடிசாக்காரரிடம் போய், ‘உன் கண்டிராக்டர் யார்? கூலிச் சீட்டு தருகிறானா?’ என்று கேளுங்கள். உங்கள் இந்தி அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை.

தோழர்களே! சட்டம் எழுதிய காகிதம் தானாக நடந்து மலை ஏறி வராது. துண்டு முறை ஒழிந்ததும், ஜெயில் சட்டம் ஒழிந்ததும், ஆசியப் போட்டித் தொழிலாளி தன் ஒரு ரூபாயைக் கேட்டதும் யாரோ ஒருவர் வாய் திறந்ததால் நடந்தவை. இந்தப் பறிப்புக் காலத்தில் மேஸ்திரி முன்பணத்தோடு வருவான். பணத்தை எண்ணுவதற்கு முன் அவனிடம் மூன்றே கேள்வி கேளுங்கள்: நீ யார்? யாருக்காக வந்தாய்? எழுத்தில் என்ன இருக்கிறது? மூன்றுக்கும் பதில் வராவிட்டால் வண்டியில் ஏறாதீர்கள். மற்றவரையும் ஏற விடாதீர்கள்.